டி லியோனின் செல்வாக்கு: கட்சிக்குள் தேடுவதா, வெளியேறியவர்களிடம் தேடுவதா?

#1 · செங்காந்தள்

சென்ற மாதம் அமெரிக்க சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் பற்றிய இழை ஓடியபோது ஒரு நண்பர், "டேனியல் டி லியோன் என்று ஒரு கட்சி உடைப்பாளரும் இருந்தார்" என்று ஒரே வரியில் ஆளைக் கடந்துபோனார். அன்று பதில் எழுத நேரமில்லை. அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்தப் புதிய இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1852இல் டச்சுக்காரர்களின் குராசாவ் தீவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐரோப்பாவில் படித்துவிட்டு 1870களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்தார். கொலம்பியாவில் சட்டம் படித்து அங்கேயே விரிவுரையாளரானார். 1886 நியூயார்க் மேயர் தேர்தலில் நிலத்துக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்ற ஹென்றி ஜார்ஜுக்காக வேலை செய்தார். பிறகு எட்வர்ட் பெல்லமியின் தேசியமயக் குழுக்களில் கொஞ்ச நாள் இருந்தார். 1890இல் சோசலிஸ்ட் லேபர் கட்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்கு வேட்பாளர். சீக்கிரமே கட்சி ஏடான 'பீப்பிள்' இதழின் ஆசிரியர்.

கட்சியின் தேசியச் செயலாளராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. 1890களில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஹென்றி குன். டி லியோன் கையில் இருந்தது ஆசிரியர் நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தபடியே கட்சியை இருபது ஆண்டுக்கு மேல் தன் சொல்லுக்குள் வைத்திருந்தார். 1914 மே மாதம் அவர் இறந்தபோது கட்சி சுருங்கிப்போயிருந்தது. ஆனால் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவர்களை எண்ணிப் பாருங்கள்: மோரிஸ் ஹில்க்விட், அயர்லாந்துப் புரட்சியாளர் ஜேம்ஸ் கானலி, கடைசியில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. (உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்) என்ற சங்கமே. போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை, அவருடைய பேச்சையும் கொஞ்சம் முடிந்துகொண்டுதான் போனார்கள் என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 · பழுப்புத்தாள்

மறுக்கிறேன். செல்வாக்கை அளக்க என்னிடம் இருக்கும் கோல் ஓட்டு எண்ணிக்கை. முரட்டுக் கோல்தான், ஆனாலும் பொய் சொல்லாது.

1896 அதிபர் தேர்தலில் சோசலிஸ்ட் லேபர் கட்சிக்குச் சுமார் 36 ஆயிரம் ஓட்டு. 1898இல் எல்லா மாநிலங்களையும் கூட்டினால் 82 ஆயிரம். வளர்கிற கட்சிதான். 1899இல் பிளவு. 1900 அதிபர் தேர்தலில் சுமார் 40 ஆயிரம். அதே தேர்தலில் முதல்முறையாக நின்ற டெப்ஸுக்குச் சுமார் 88 ஆயிரம். 1904இல் டெப்ஸுக்கு 4 லட்சம் தாண்டிவிட்டது. 1908இல் டி லியோன் கட்சிக்கு 14 ஆயிரம், டெப்ஸுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். 1912இல் டெப்ஸ் 9 லட்சம், பதிவான ஓட்டுகளில் 6 சதவீதம்.

ஆக, அவர் விலகி நின்ற இயக்கம் வளர்ந்தது, அவர் பிடித்துக்கொண்டிருந்த கட்சி வற்றியது. இதற்குப் பெயர் செல்வாக்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. தடுப்புச் சுவருக்கும் ஒரு செல்வாக்கு உண்டு.

#3 · மில்கேட் மாணிக்கம்

தம்பி பழுப்புத்தாள் கணக்குச் சொல்லிவிட்டார். ஆட்கள் ஏன் போனார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள். நான் ஒரு பஞ்சாலைச் சங்கத்தில் பதினாறு ஆண்டு கிளைச் செயலாளர். தலைவரின் கோபத்துக்குப் பயந்து தொழிலாளி சங்கத்தை விட்டுப் போனதை நான் பார்த்ததில்லை. சங்கத்தால் தனக்கு ஆவது ஒன்றுமில்லை என்று தோன்றினால் மட்டும் போய்விடுவான், சொல்லிக்கொள்ளவும் மாட்டான்.

#4 · வெண்கொற்றன்

மாணிக்கம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பழுப்புத்தாள் கதையை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார். டி லியோன் வருவதற்கு முன் அந்தக் கட்சி எப்படி இருந்தது? 1876இல் தொடங்கியது, உறுப்பினர்களில் பெரும்பான்மை ஜெர்மானியக் குடியேறிகள். கூட்டம் ஜெர்மன் மொழியில், வலுவான நாளேடு ஜெர்மன் மொழியில் ('நியூயார்க்கர் ஃபோல்க்ஸ்சைட்டுங்'), பாட்டுக் கச்சேரியும் பீர் விருந்தும் ஜெர்மன் முறையில். அமெரிக்காவில் பிறந்த தொழிலாளி உள்ளே எட்டிப்பார்த்தால் வெளியூர்க்காரர் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டது போல உணர்ந்திருப்பான். அந்தக் கட்சியை ஆங்கிலத்தில் வாதாட வைத்ததில் பெரும்பங்கு டி லியோனுடையது.

தொழிற்சங்கத்தை உடைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1890இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் டெட்ராய்ட் மாநாட்டில், கட்சியும் உறுப்பாக இருந்த நியூயார்க் மையச் சங்கத்தை ஏற்க முடியாது என்று கதவை அடைத்தவர் சம்மேளனத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ். 1894 டென்வர் மாநாட்டில் சோசலிஸ்டுகள் மற்றவர்களோடு சேர்ந்து காம்பர்ஸைத் தோற்கடித்தார்கள். ஒரே ஆண்டில் அவர் திரும்பி வந்துவிட்டார். டி லியோன் நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற இன்னொரு தொழிலாளர் அமைப்புக்குள்ளும் வேலை செய்து பார்த்தார், 1895இல் அங்கும் கதவடைப்பு. உள்ளேயிருந்து துளைப்பது என்ற வழியில் இரண்டு இடத்தில் முட்டிப்பார்த்த பிறகுதான் 1895 டிசம்பரில் தனிச் சங்கக் கூட்டணியைத் தொடங்கினார். வீம்புக்காகத் தொடங்கவில்லை.

#5 · பழுப்புத்தாள்

வீம்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். விளைவு? கட்சிக்குள் இருந்த சோசலிஸ்டுகளில் பலர் காம்பர்ஸ் சம்மேளனத்துச் சங்கங்களில் பல ஆண்டு உழைத்துப் பெயரெடுத்தவர்கள். சிகார் சுற்றுபவர்கள், அச்சுக்கோப்பவர்கள், மது ஆலைத் தொழிலாளர்கள். அவர்களிடம் போய் "உன் சங்கத்துக்குப் போட்டியாக நம் கட்சியே ஒரு சங்கம் வைத்திருக்கிறது" என்றால் அவர்கள் திங்கட்கிழமை காலை எந்த முகத்தோடு பட்டறைக்குப் போவார்கள்? 1900இல் இன்னும் ஒரு படி மேலே போய், சம்மேளனச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர் கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது என்றே விதி போட்டார்கள். அதே மாநாட்டில் உடனடிக் கோரிக்கைகளைத் திட்டத்திலிருந்து மொத்தமாக வெட்டியெறிந்தார்கள். எட்டு மணி நேர வேலை, குழந்தை உழைப்புத் தடை, எதுவும் இல்லை. முழுப் புரட்சி ஒன்றே கோரிக்கை. மாணிக்கம் ஐயாவின் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

#6 · செங்காந்தள்

வெட்டியது உண்மை, அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: வெட்டியது 1900, பிளவு 1899. எதிர்ப்பாளர்கள் போய்விட்ட பிறகு, தடுக்க ஆளில்லாத மாநாட்டில் நடந்த வேலை அது.

அந்தப் பிளவு நடந்த இரவை இங்கே யாரும் சொல்லவில்லை. 1899 ஜூலை 10. நியூயார்க் நகரத்தில் வில்லியம் தெரு 184ஆம் எண் கட்டடம், கட்சித் தலைமையகம். 'ஃபோல்க்ஸ்சைட்டுங்' தரப்பினர் தனியாகக் கூட்டம் போட்டு, குன், டி லியோன் முதலியோரைப் பதவி நீக்கிவிட்டதாகத் தீர்மானித்து, அலுவலகத்தைக் கைப்பற்றக் கூட்டமாக வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. சோசலிஸ்டும் சோசலிஸ்டும் கைகலந்தார்கள், போலீஸ் வந்தது. சொத்துடைமையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அலுவலகச் சொத்துக்காக அடித்துக்கொண்டதை முதலாளிப் பத்திரிகைகள் எப்படி ரசித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கொஞ்ச காலம் இரண்டு 'பீப்பிள்' வந்தன. இரு தரப்பும் தாங்களே உண்மையான கட்சி என்றன. முதலாளித்துவ நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது: பெயரும் ஏடும் டி லியோன் தரப்புக்கு. தோற்றவர்களை அவர் 'கங்காருக்கள்' என்று கேலி செய்துகொண்டே இருந்தார். அந்தக் கங்காருக்கள்தான் ஹில்க்விட் தலைமையில் டெப்ஸ், விக்டர் பெர்ஜர் ஆகியோரோடு சேர்ந்து 1901இல் இண்டியானாபொலிஸ் நகரில் அமெரிக்க சோசலிஸ்ட் கட்சியைக் கட்டினார்கள். 1912இல் அந்தக் கட்சிக்கு 1 லட்சத்து 18 ஆயிரம் உறுப்பினர்.

என் வாதத்துக்கு இதுவே முதல் சாட்சி. புதிய கட்சி தன்னை எதை வைத்து வரையறுத்துக்கொண்டது? சம்மேளனத்தோடு மோத மாட்டோம், உடனடிக் கோரிக்கைகள் வைப்போம், மாநிலக் கிளைகளுக்குச் சுயாட்சி தருவோம், கட்சிக்கென்று ஒரே அதிகாரபூர்வ ஏடு வைக்க மாட்டோம். ஒவ்வொன்றும் டி லியோனைப் பார்த்து எழுதிய விதி. கடைசி விதியை மறுபடி படியுங்கள். ஓர் ஆசிரியரிடம் சூடுபட்ட பூனை எழுதிய விதி அது.

#7 · மில்கேட் மாணிக்கம்

அலுவலகச் சாவிக்காக நடந்த சண்டையை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கம் பிளந்த நாளில் இரு தரப்பும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டோம். உள்ளே இருந்த சந்தா ரசீதுப் புத்தகத்தை எடுக்க முடியாமல் மூன்று மாதச் சந்தா வசூல் நின்றது. இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

#8 · தேன்மொழி

நான் பெரும்பாலும் படிக்கிறவள், எழுதுகிறவள் இல்லை. ஒரு சந்தேகம். கானலியும் டி லியோனும் எதற்காகச் சண்டை போட்டார்கள்? அயர்லாந்து வரலாறு படிக்கும்போது "ஊதியம், திருமணம், மதம்" என்று ஒரு வரி வந்தது. ஊதியத்தில் சண்டை போட என்ன இருக்கிறது? கூடக் கேட்பதுதானே சங்கத்தின் வேலை?

#9 · வெண்கொற்றன்

தேன்மொழி, இதில் என் ஆளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

கானலி 1903இல் அமெரிக்காவுக்குக் குடிவந்து கட்சியில் சேர்ந்தார். அங்கே மேடையில் பேசிய தோழர்கள் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டார்: முதலாளித்துவத்தில் ஊதியம் உயர்ந்தால் விலைவாசியும் உயர்ந்துவிடும், ஆகவே ஊதிய உயர்வால் தொழிலாளிக்கு நிலையான பயன் இல்லை. கானலிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் வெஸ்டன் என்ற தோழர் 1865இல் லண்டனில் இதே வாதத்தை வைத்தபோது, மார்க்ஸ் உட்கார்ந்து ஓர் உரை எழுதி அதை உடைத்தார். 'கூலி, விலை, லாபம்' என்று தமிழில் நாம் படிக்கும் சிறுநூல் அதுதான்.

எளிய கணக்கு. ஒரு நாளில் தொழிலாளி 10 ரூபாய் புதிய மதிப்பை உண்டாக்குகிறான். கூலி 4, முதலாளிக்கு 6. கூலி 5 ஆனால் முதலாளிக்கு 5. பொருளின் மதிப்பை நிர்ணயிப்பது அதில் செலவான உழைப்பு நேரம், அது மாறவில்லை. ஆகவே மொத்த விலைமட்டம் ஏற வேண்டியதில்லை, லாபம்தான் குறைகிறது. குறைவதால்தான் முதலாளி எதிர்க்கிறான். கூலி உயர்வால் பயனே இல்லையென்றால் அவன் ஏன் கதவடைப்புச் செய்கிறான்?

கானலி 1904இல் இதைக் கடிதமாக எழுதினார். டி லியோன் அதைப் பிரசுரித்து, வரிக்கு வரி பதில் போட்டு, கட்சியைத் தன் பக்கம் திருப்பினார். மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. ஜெர்மன் சோசலிஸ்ட் தலைவர் பெபலின் பெண்ணும் சோசலிசமும் பற்றிய நூலை டி லியோன் அப்போது மொழிபெயர்த்து ஏட்டில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். கத்தோலிக்கத் தொழிலாளர்களிடம் இதைக் கொண்டுபோனால் விரட்டிவிடுவார்கள் என்றார் கானலி. திருமணம், மதம் இரண்டிலும் இன்றைய நாம் டி லியோன் பக்கம் சாயக்கூடும். ஊதியத்தில் கானலி சொன்னதே சரி. பொருளாதாரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மனிதர் மார்க்ஸ் உடைத்த வாதத்துக்கு முட்டுக்கொடுத்தார்.

#10 · மில்கேட் மாணிக்கம்

வெண்கொற்றன் கணக்கை நான் ஒவ்வொரு ஒப்பந்தப் பேச்சிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். "கூலி உயர்ந்தால் நூல் விலை ஏறும், ஆர்டர் போய்விடும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்பார் மேனேஜர். அதை ஒரு சோசலிஸ்ட் தலைவரும் சொன்னார் என்பதைக் கேட்க என்னவோ போல் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். இப்படிப் பேசுகிறவர் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்களிடம் போய் என்னதான் சொன்னார்?

#11 · செங்காந்தள்

ஐயா, அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1898 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபர்ட் பஞ்சாலைகளில் 10 சதவீதம் கூலி வெட்டு. ஆயிரக்கணக்கான நெசவாளர்களும் நூற்பாளர்களும் வெளியே வந்துவிட்டார்கள். பிப்ரவரி 11 அன்று அந்த ஊர் நகர மன்றக் கட்டடத்தில் டி லியோன் பேசினார். உங்கள் தொழில்காரர்கள்தான் எதிரே.

அடுப்பில் பூனை தூங்கும் வீட்டுக்காரர்களிடம் பேசுகிறோம் என்ற கவனம் அந்த உரையில் தெரிகிறது. நிவாரண நிதி பற்றிப் பேசவில்லை, மன உறுதி கொள்ளுங்கள் என்று முழங்கவில்லை. உன் கூலி எங்கிருந்து வருகிறது, முதலாளியின் பணப்பெட்டியிலிருந்தா, நீ முன்பே நெய்துவைத்த துணியிலிருந்தா என்று கேட்கிறார். முதலாளியின் மூலதனம் முதலில் எப்படி வந்தது என்று கேட்கிறார். பிறகு ஏன் இத்தனை ஆண்டு வேலைநிறுத்தங்கள் தோற்றன, சங்கத் தலைவர்களுக்கு இந்த அடிப்படை தெரியாததால்தான் என்று முடிக்கிறார். பசியோடு இருப்பவர்களிடம் மதிப்புக் கோட்பாட்டை விளக்குவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த உரை அச்சில் வந்தபோது கடல்கடந்தும் படிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1903இல் பிரிந்து உருவான கட்சி பெயரையே இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே பட்டறைத் தொழிலாளர்கள் இவருடைய சிறுநூல்களை வைத்து வகுப்பு நடத்தினார்கள்.

#12 · நெறியாளர்

ஐ.டபிள்யூ.டபிள்யூ. சான்பிரான்சிஸ்கோ கிளையில் லாலா ஹர்தயாள் கொஞ்ச காலம் செயலாளராக இருந்ததைப் பற்றி மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல செய்தி, தனி இழையாகத் தொடங்குங்கள். இங்கே டி லியோன் மட்டும்.

#13 · வெண்கொற்றன்

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். 1905 ஜூன் 27, சிகாகோ, பிராண்ட் மண்டபம். சுமார் 200 பிரதிநிதிகள். தலைமை மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் பில் ஹேவுட். ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த டெப்ஸும் டி லியோனும் ஒரே மேடையில். எல்லாத் தொழிலாளரையும் துறைவாரியாக ஒன்றுசேர்க்கும் ஒரே பெரிய சங்கமாக ஐ.டபிள்யூ.டபிள்யூ. அங்கே பிறந்தது.

அடுத்த மாதம் மின்னியாபொலிஸ் நகரில் அந்தச் சங்கத்தின் முகவுரை பற்றி டி லியோன் பேசினார். ஓட்டு என்பது நாகரிகமான முறையில் கோரிக்கையை முன்வைக்கும் வழி. ஆனால் பின்னால் சங்கம் இல்லாத ஓட்டு வெற்றுத் தாள். தேர்தலில் வென்ற நாளில் கட்சியின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தை அங்கேயே கலைத்துவிட வேண்டும். நிர்வாகம் துறைவாரிச் சங்கங்களின் மன்றத்துக்குப் போகும். அங்கே ஊர்ப்பெயரில் தொகுதி இருக்காது. சுரங்கம், ரயில், நெசவு, அச்சு என்று பிரதிநிதிகள் வருவார்கள். முதலாளிகள் முரண்டு பிடித்தால் சங்கம் அவர்களைக் கதவடைப்புச் செய்யும்.

சோசலிச அரசு எந்த வடிவில் இருக்கும் என்று கேட்டால் அன்றைய சோசலிஸ்டுகளில் பெரும்பாலோர் "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். இவர் ஒருவர்தான் வரைபடம் போட்டார். வேறு எந்த அமெரிக்கர் அப்படிச் செய்தார் என்று பழுப்புத்தாள் சொல்லட்டும்.

#14 · பழுப்புத்தாள்

வரைபடம் அவருடையது என்பதைத் தருகிறேன். துறைவாரிச் சங்கம் அவருடையதில்லை.

தெளிவாகச் சொல்கிறேன். ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநருக்கு ஒரு சங்கம், ஃபயர்மேனுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று இருந்த காலத்தில், டெப்ஸ் ஃபயர்மேன் சங்கத்தில் பல ஆண்டு செயலாளராக இருந்து அலுத்துப்போய், 1893இல் அத்தனை பேரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும் அமெரிக்க ரயில்வே சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கிரேட் நார்தர்ன் ரயில்வேயை 18 நாளில் பணியவைத்தார்கள். பிறகு புல்மன் வேலைநிறுத்தம், ராணுவம், சிறை எல்லாம் தெரிந்த கதை. (அந்தச் சங்கமும் கறுப்பினத் தொழிலாளரைச் சேர்க்க மறுத்தது, டெப்ஸ் எதிர்த்தும் மாநாடு கேட்கவில்லை. அந்தக் கறையையும் சொல்லியாக வேண்டும்.) நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1890இலேயே அப்படித்தான் இருந்தது. 1895இல் டி லியோன் தொடங்கிய கூட்டணி போட்டிச் சங்கமாகத்தான் இருந்தது, துறைவாரிச் சங்கமாக இல்லை. அந்தக் கருத்துக்கு அவர் பத்தாண்டு தாமதமாக வந்தார். வந்தவுடன் ஆசிரியர் ஆகிவிட்டார்.

#15 · செங்காந்தள்

கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டுகிறேன். வாதத்தையும் ஏற்கிறேன், முதல் பதிவில் நான் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. துறைவாரியாகச் சேர வேண்டும் என்பது தண்டவாளத்திலும் சுரங்கத்திலும் தொழிலாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தச் சங்கம் நாளைய ஆட்சியின் எலும்புக்கூடு என்று சொன்னது டி லியோன்.

அவருக்கு 1908இல் நடந்ததைப் பாருங்கள். ஐ.டபிள்யூ.டபிள்யூ. நான்காம் மாநாடு, மறுபடி சிகாகோ. மேற்கே போர்ட்லண்டிலிருந்து சுமார் இருபது பேர் நீல ஓவரால் மாட்டிக்கொண்டு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டையோடு, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு, வழியெல்லாம் கூட்டம் போட்டு, பாட்டுத் தாள் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். மரம் வெட்டுபவர்கள், அறுவடைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். நிலையான முகவரி இல்லாததால் பலருக்கு ஓட்டே கிடையாது. அவர்களிடம் ஓட்டுப்பெட்டியின் நாகரிகத்தைப் பேசி என்ன பயன்?

பிரதிநிதியாக வந்த டி லியோனின் நற்சான்றிதழ் எதிர்க்கப்பட்டது. காரணம்: அவர் அலுவலகப் பணியாளர் கிளையின் சார்பில் வந்திருக்கிறார், பத்திரிகை ஆசிரியர் அச்சுத்துறைக் கிளையில் அல்லவா இருக்க வேண்டும்? துறைவாரியாகச் சேருங்கள் என்று நாடு முழுக்கப் பேசியவரைத் துறை மாறி உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். சாக்குத்தான், யாருக்கும் தெரியும். முகவுரையிலிருந்து அரசியல் பற்றிய வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். அவர் அவர்களை 'நாடோடிக் கும்பல்' என்று ஏசிவிட்டு, டெட்ராய்ட்டை மையமாக வைத்து இன்னொரு ஐ.டபிள்யூ.டபிள்யூ. நடத்தினார். அது எடுபடவில்லை. டெப்ஸ் சத்தமில்லாமல் சந்தா கட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அந்த ஓவரால்காரர்கள் வைத்துக்கொண்டது என்ன? பழைய சமூகத்தின் கூட்டுக்குள்ளேயே புதிய சமூகத்தின் அமைப்பைக் கட்டுகிறோம் என்பதை 1908 முகவுரையில் எழுதினார்கள். டி லியோனைத் தள்ளிவிட்டு, அவர் மேடைகளில் பேசிவந்ததை முகவுரையாக்கிக்கொண்டார்கள். கானலியும் அப்படித்தான், 1908இல் கட்சியை விட்டு விலகினார். அயர்லாந்துக்குத் திரும்பிய பிறகும் அவர் பேசிய துறைவாரிக் குடியரசில் டி லியோன் வாசனை இருக்கிறது.

#16 · பழுப்புத்தாள்

அடுத்து லெனினைக் கொண்டுவருவீர்கள். நானே கொண்டுவந்துவிடுகிறேன். ஆர்தர் ரான்சம் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1919இல் மாஸ்கோவில் லெனினைப் பார்த்தார். பஃபலோ நகரத்துக் கட்சிக்காரர் போரிஸ் ரெயின்ஸ்டீன் கொடுத்த டி லியோன் சிறுநூல்களைப் படித்ததாகவும், நிலப்பரப்பை விட்டுத் தொழில்துறைவாரியாகப் பிரதிநிதிகள் வர வேண்டும் என்ற கருத்தில் சோவியத் முறையின் கரு இருந்ததாகவும் லெனின் சொன்னார் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்சிக்காரர்கள் இதைப் பதக்கம் போல் அணிந்துகொண்டே திரிந்தார்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். படித்தது சோவியத்துகள் வந்த பிறகு. 1905இல் ரஷ்யத் தொழிலாளர்கள் சோவியத்தைக் கட்டியபோது யார் கையிலும் டி லியோன் இல்லை. ஒத்த கருத்தைக் கண்டு வியந்தார், அவ்வளவுதான். அடுத்து, 1920இல் 'இடதுசாரி கம்யூனிசம்' நூலில் அவர் கடுமையாகச் சாடியது எதை? பிற்போக்குச் சங்கங்களை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் வைப்பதை. டி லியோனின் தொழிற்சங்கக் கொள்கையே அதுதான்.

#17 · செங்காந்தள்

அதே நூலில், அதே இடத்தில், சங்கத் தலைவர்களை 'முதலாளி வர்க்கத்தின் தொழிலாளர் லெப்டினன்டுகள்' என்று குறிப்பிட்டு, அமெரிக்காவில் டி லியோனைப் பின்பற்றுவோரின் அருமையான, ஆழ்ந்த உண்மையுள்ள சொற்றொடர் என்று பாராட்டுகிறார். வழிமுறையைத் தூக்கியெறிந்துவிட்டுச் சொல்லை எடுத்துவைத்துக்கொண்டார். நான் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது, நன்றி.

#18 · தேன்மொழி

அந்தச் சொற்றொடரில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். செங்காந்தள் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு டி லியோன் உரைகளில் சில பத்திகளைத் தமிழாக்கத் தொடங்கினேன். 'லெப்டினன்ட்' என்று அப்படியே போட்டால் ராணுவக்காரர் வந்து நிற்கிறார். இன்னொரு தொல்லை: சங்கத் தலைவர்களை அந்த ஏடு 'லேபர் ஃபக்கீர்' என்றே திட்டுகிறது. மோசடிக்காரன் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள், ஆனால் எழுத்து நம் பக்கீரின் எழுத்து. தமிழில் 'பக்கீர்' என்றால் திருவோட்டோடு நிற்கும் ஏழைத் துறவி மீது பரிதாபம்தான் வரும், கோபம் வராது.

#19 · மில்கேட் மாணிக்கம்

அம்மா தேன்மொழி, லெப்டினன்டுக்குக் 'கங்காணி' என்று போடு. தொழிலாளியின் கூட்டத்திலிருந்தே எழுந்து, துரைக்காக ஆளை மேய்த்தவன். படிக்கிறவனுக்கு விளக்கமே வேண்டாம்.

#20 · பழுப்புத்தாள்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. கங்காணியை நியமித்தது தோட்டத் துரை. காம்பர்ஸை நியமித்தது யார்? 1886 முதல் 1924இல் இறக்கும்வரை, அந்த ஓர் ஆண்டு போக, ஆண்டுதோறும் சங்கப் பிரதிநிதிகளே கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள்.

#21 · செங்காந்தள்

பழுப்புத்தாள் இப்போது சொன்னது ஓட்டுக் கணக்கைவிடப் பலமான அடி. 1902இல் ரோமாபுரி வரலாறு பற்றி டி லியோன் ஆற்றிய உரைகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. பிளெபியன் தலைவர்கள் சாமானியரைக் காட்டிக்கொடுத்தார்கள், இன்றைய சங்கத் தலைவர்களும் அப்படியே என்கிறார். சாமானியர் அவர்களைத் திரும்பத் திரும்ப ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு, ஏமாந்தார்கள் என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. சிகார் தொழிலாளிக்கு அந்தச் சங்கம் நோய்க்காலப் பணம் கொடுத்தது, வேலையில்லாத வாரத்தில் உதவி கொடுத்தது. அவன் ஏமாறவில்லை, கணக்குப் பார்த்தான். அவன் தேர்ந்தெடுத்தவரைக் கங்காணி என்றால் அவனையும் சேர்த்துத்தான் திட்டியதாகும். தினசரி 'பீப்பிள்' 1900 ஜூலை முதல் 1914 பிப்ரவரி வரை ஏறத்தாழ பதினான்கு ஆண்டு அந்தத் தொழிலாளியை நாள்தோறும் திட்டிவிட்டு, கடைசியில் காசில்லாமல் நின்றது. ஆசிரியர் அடுத்த மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

#22 · மில்கேட் மாணிக்கம்

கங்காணியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தோற்றுப்போன தலைவரைப் 'போலி' என்று நோட்டீஸ் அடித்தவன்தான் நானும். அடுத்த தேர்தலில் அவரே வென்றார்.

#23 · தேன்மொழி

அப்படியானால் ஃபக்கீருக்கு 'வேடதாரி'. லெப்டினன்டுக்கு 'கையாள்' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன், நல்ல சொல் கிடைத்தால் யாராவது சொல்லுங்கள். 'ஸ்காப்' என்பதற்கு மட்டும் சிக்கலே இல்லை, 'கருங்காலி' தயாராக இருக்கிறது. சம்மேளனத்தார் டி லியோனின் கூட்டணிக்காரர்களையும், கூட்டணிக்காரர்கள் சம்மேளனத்தாரையும் அதே சொல்லால்தான் திட்டிக்கொண்டார்கள் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல் போதும்.